கோடை இசைவிழா: முதலில் நேரம், பிறகு உடை

கோடை தொடங்கியதும் இசைவிழாக்களின் அழைப்பிதழ்களும் வரத் தொடங்கிவிடுகின்றன. ராமநவமிக் கச்சேரிகள், சித்திரைப் பெருவிழாக்கள், திரௌபதி அம்மன் கோயில் கூத்துகள், திறந்தவெளித் திரையிசை நிகழ்ச்சிகள் என்று பட்டியல் நீள்கிறது. யார் பாடுகிறார்கள் என்று முதலில் பார்க்கிறோம். எதை உடுத்திச் செல்வது என்று அடுத்து யோசிக்கிறோம். கோடையில் இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. எந்த நேரத்தில் நடக்கிறது, எங்கே உட்காரப் போகிறோம் என்பவற்றை முதலில் பார்த்துவிட்டால், எதை உடுத்துவது என்ற கேள்விக்கு விடை எளிதாகிவிடும்.

இதைத் திருத்தணிக்காரனாகச் சொல்கிறேன். முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் தணிகை எனப் பெயர் பெற்றது எங்கள் மலை. ஆனால், ஏப்ரல், மே மாதங்களில் தமிழகத்தில் அதிக வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியலில் எங்கள் ஊரின் பெயர் அடிக்கடி இடம்பெறும். வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கு யாருக்கும் வியப்பளிப்பதில்லை. இந்த வெயிலில்தான் சித்திரை பிரமோற்சவம் நடக்கிறது. வெயில் முழுதும் தணியாத ஆடிக் கிருத்திகையில், பம்பையும் உடுக்கையும் முழங்க, மஞ்சள் உடையில் காவடி சுமந்து பக்தர்கள் மலையேறுகிறார்கள்.

கர்நாடக இசைக்கும் இவ்வூர் முக்கியமானது. காசியிலிருந்து திரும்பிய முத்துசாமி தீட்சிதர், தம் முதல் கீர்த்தனையான 'ஸ்ரீநாதாதி குருகுஹோ'வை மாயாமாளவகௌளை ராகத்தில் பாடியது இம்மலையில்தான் என்பது மரபு. 'குருகுஹ' என்ற அவருடைய முத்திரையும் இத்தலத்து முருகனைக் குறிப்பதே. இசையும் வெயிலும் நெடுங்காலமாகச் சேர்ந்து வாழும் ஊர் என்பதால், இரண்டையும் முன்னோர் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை இங்கிருந்து பார்ப்பது எளிது.

அவர்கள் கண்ட வழி, இசையை இரவுக்கு நகர்த்தியதே. திருத்தணி, பள்ளிப்பட்டு, சித்தூர் பகுதிக் கிராமங்களில் கோடையில் நடக்கும் திரௌபதி அம்மன் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் பந்தல் நிழலில் பாரதச் சொற்பொழிவு. இரவு முழுதும் தெருக்கூத்து. இறுதி நாளில் காலையில் துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி. கிரீடமும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும் கட்டி ஆடும் கூத்துக் கலைஞரால் பகல் வெயிலில் ஒரு மணி நேரம்கூட நிற்க முடியாது. பார்வையாளர்களோ பகல் வேலையை முடித்து, குளித்து, பாயைச் சுருட்டிக்கொண்டு வருபவர்கள். விழாவின் நிகழ்ச்சி நிரலே வெயிலைக் கணக்கிட்டு வகுக்கப்பட்டதாகத் தெரிகிறது.

தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவும் இத்தகையதே. மே மாத வாக்கில் வரும் இவ்விழாவில், மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய 'பிரகலாத சரித்திரம்' முதலிய நாடகங்களை, பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்று, இரவெல்லாம் நடத்துகிறார்கள். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எங்கள் எல்லைப் பகுதியினருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. கோடையில் ஒரேயொரு வெளியூர் விழாவுக்குத்தான் செல்ல முடியும் என்று ஒருவர் கேட்டால், மெலட்டூரைத்தான் நான் சொல்வேன்.

இன்றைய நிகழ்ச்சிகளில் பல இந்தக் கணக்கை மறந்துவிட்டன. திறந்தவெளி மைதானத்தில் மாலை 6 மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சிக்கு, இடம் பிடிப்பதற்காகப் பிற்பகல் 3 மணிக்கே மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். நிகழ்ச்சி மாலையில் நடந்தாலும் காத்திருப்பு வெயிலில்தான். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த விமான சாகச நிகழ்ச்சியைப் பார்க்கச் சென்றவர்களில் ஐந்து பேர் உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது. அது இசை நிகழ்ச்சி அல்ல. கோடை மாதமும் அல்ல. உச்சிப்பொழுது, பெருங்கூட்டம், நிழலின்மை ஆகியவை ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த நாள் காட்டியது.

ஆகவே, அழைப்பிதழில் நான்கு விவரங்களைத் தேடுங்கள். நிகழ்ச்சி எப்போது தொடங்குகிறது. எத்தனை மணிக்கு உள்ளே விடுகிறார்கள். மேலே கூரை இருக்கிறதா. குடிநீரும் கழிப்பறையும் உண்டா. இவை அச்சிடப்படவில்லை என்றால் தொலைபேசியில் கேளுங்கள். பாடகர் எவ்வளவு பெரியவரானாலும், மயங்கி விழும் நிலையில் இருப்பவரின் காதில் இசை ஏறாது.

இனி உடை. வெப்பத்தில் நம் உடலைக் காப்பது வியர்வை. அதுவும் வெறுமனே வழிந்தால் பயனில்லை, ஆவியாக வேண்டும். பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே ஏற்றுக்கொள்ளும். பாலியஸ்டர் ஏற்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. சாதாரண பாலியஸ்டர் சட்டை வெயிலில் உடலோடு ஒட்டிப் புழுங்குவது இதனால்தான். ஆனால், பருத்தி என்ற பெயர் மட்டும் போதாது. நெசவு மெல்லியதாகவும், உடை தளர்வாகவும் இருந்தால்தான் காற்று உள்ளே புகுந்து வெளியேறும். இறுக்கமான, தடித்த பருத்தி ஜீன்ஸ் கோடைக்கு உதவாது.

ஊரின் தன்மையையும் பார்க்க வேண்டும். திருத்தணி போன்ற உள்நாட்டு ஊர்களில் வெப்பம் அதிகம், பகலில் ஈரப்பதம் குறைவு. இங்கு வெயில் தோலில் படாமல் தளர்வான முழுக்கை உடையும் தலைக்கு ஒரு துண்டும் இருப்பதே நலம். சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் உலராது. அங்கு மாலை நிகழ்ச்சிகளுக்கு அடுக்குகள் குறைந்த மெல்லிய உடையே ஏற்றது. வெளிர்நிறம் பகலில்தான் பயன் தரும். சூரியன் மறைந்த பிறகு விரும்பிய நிறத்தை உடுத்தலாம்.

சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரக் கலைஞர்களைக் கவனித்திருப்பீர்கள். இடுப்பில் வேட்டி, மேலே சட்டையின்றி ஓர் அங்கவஸ்திரம். சம்பிரதாயம் என்று நாம் கருதும் அவ்வுடை, மூச்சை அடக்கி மணிக்கணக்கில் வாசித்துக்கொண்டே நடப்பவருக்கு மிகப் பொருத்தமானது. தோளில் கிடக்கும் துண்டோ வியர்வை துடைக்கவும், தலையில் போடவும், விரித்து உட்காரவும், நனைத்துக் கழுத்தில் சுற்றவும் உதவும். கோடை விழாவுக்குச் செல்பவர் எதை மறந்தாலும் பருத்தித் துண்டை மறக்கக் கூடாது.

பெண்களின் நிலைதான் கடினம். விழா என்றால் பட்டு என்பது எழுதாத விதி. பட்டு நூல் ஈரத்தை நன்றாகவே ஏற்கும். நெருக்கமான நெசவும் கனத்த சரிகையும் உள்பாவாடையும் சேரும்போதுதான் அது சுமையாகிறது. போதாக்குறைக்குக் கழிப்பறை இருக்காது என்ற அச்சத்தில் பெண்கள் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். கனத்த உடையோடு நீரிழப்பும் சேர்வது ஆபத்தானது. மெல்லிய கைத்தறிப் பருத்திச் சேலை மங்கலத்துக்குக் குறைந்தது என்று எந்த சாத்திரமும் சொல்லவில்லை. அதை முதலில் ஏற்க வேண்டியவர்கள் வீட்டிலுள்ள மற்றவர்கள்.

கால்களையும் மறக்கலாகாது. திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாள்களைக் குறிப்பவை என்பார்கள். நண்பகலில் கருங்கல் தளம் உள்ளங்காலைச் சுட்டுவிடும். நீண்டகால நீரிழிவால் கால் உணர்வு குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது. கொப்புளத்தை வீட்டுக்கு வந்துதான் பார்ப்பார்கள். அவர்கள் காலை 8 மணிக்கு முன்போ, மாலையிலோ செல்வதே நல்லது.

வெளியூர்களுக்கும் இதே கணக்குதான். பெங்களூரு சாமராஜபேட்டையில் 1939 முதல் ஸ்ரீ ராமசேவா மண்டலி நடத்திவரும் ராமநவமி இசைவிழாவுக்குச் செல்பவர்கள், மெல்லிய பருத்தி உடையோடு ஒரு குடையையும் கொண்டுபோகலாம். அங்கு கோடை மழை சொல்லாமல் வரும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1978 முதல் ஈஸ்டரை ஒட்டி நடக்கும் தியாகராஜ விழாவுக்குப் போகும் நம்மவர்கள் பட்டுச்சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டு அணிகிறார்கள். 1970இல் தொடங்கிய இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில், மழைச்சேற்றை முன்னிட்டு முழங்கால்வரை ரப்பர் காலணி அணிவது அவ்விழாவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அங்கெல்லாம் மண்ணுக்கும் வானிலைக்கும் ஏற்ப உடுத்துவதை எவரும் இழிவாக எண்ணுவதில்லை.

விழா நடத்துவோருக்கும் பொறுப்பு உண்டு. கோடை நிகழ்ச்சிகளை மாலை 6.30 மணிக்கு முன் தொடங்காதிருத்தல், காத்திருக்கும் வரிசைக்கு நிழற்பந்தல், போதிய குடிநீர், பெண்களுக்குத் தூய்மையான கழிப்பறை, முதலுதவிக்கு ஆள் ஆகியவற்றை நுழைவுச்சீட்டு விற்குமுன் உறுதிசெய்ய வேண்டும். மேடை அலங்காரத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதி போதும். இவ்வசதிகளை அழைப்பிதழிலேயே அச்சிட்டால், வயதானவர்களும் குழந்தைகளோடு வருபவர்களும் துணிந்து வருவார்கள்.

எங்கள் வட்டாரத்திலும் எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூரிலும் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வெயிலுக்கு ஏற்ற துணியை நெய்யத் தெரிந்த மண் இது. வெயிலுக்கு ஏற்ற நேரத்தில் பாடவும் தெரிந்த மண். கோடையில் இசையைக் கைவிடத் தேவையில்லை. இந்த இரண்டு அறிவையும் மீண்டும் கைக்கொண்டால் போதும்.