கருப்பும் வெள்ளையும் ஒரே வேரா?

ஆங்கிலத்தில் ‘பிளாக்’ கருப்பு. பிரெஞ்சில் ‘பிளாங்’ வெள்ளை. ஒலி ஒத்துப்போவது தற்செயல்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். தோண்டிப் பார்த்தால் அப்படியில்லை.

இரண்டுக்கும் மொழியியலாளர்கள் காட்டுவது ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர்: ‘ப்லெக்’. பொருள், எரிதல், ஒளிர்தல். எரியும்போது தெரிவது ஒளி. எரிந்தபின் மிஞ்சுவது கரி. ‘பிளாக்’ கரியின் பக்கம் போச்சு.

ஒளியின் பக்கம் போன ஜெர்மானியச் சொல் ‘பிளாங்க்’. ஜெர்மன் மொழியில் அதற்கு இன்றும் ‘பளபளக்கும்’ என்றே பொருள். ஃபிராங்குகள் வழியாகப் பிரெஞ்சுக்குள் நுழைந்து, வெள்ளைக்கான லத்தீன் ‘ஆல்புஸ்’ இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஜெர்மன் கருப்போ வேறு வேர்: ‘ஷ்வார்ட்ஸ்’.

பொருள் எதிரெதிரா இருக்கே என்று மட்டும் ஒரு சொல்லுறவை இனி நான் ஒதுக்கமாட்டேன்.