கை நடுங்கும் முன்பே தெரியும் நடுக்குவாதம்

நடுக்குவாதம் என்றதும் நடுங்கும் கைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த நோய் கைக்கு வருமுன் மூக்கு, குடல், தூக்கம் என்று பல இடங்களில் தலைகாட்டிவிடுகிறது. ரசம் தாளிக்கும் வாசனை தெரியாமல் போகும். மலச்சிக்கல் வருடக்கணக்கில் நீடிக்கும். தூக்கத்தில் கத்துவார், பக்கத்தில் படுத்திருப்பவரை உதைப்பார். கனவு காணும் நேரத்தில் மூளை கைகால்களை அசையவிடாமல் கட்டிவைப்பதுதான் இயல்பு. இவர்களுக்கு அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. மலச்சிக்கல் உள்ள எல்லோருக்கும் நடுக்குவாதம் வந்துவிடாது. ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் கனவில் கைகால் வீசத் தொடங்கினால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

அடுத்து வருபவற்றை வீட்டில் இருப்பவர்கள்தான் கவனிக்க முடியும். எழுத்து வரவரச் சிறுத்து, வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகாமல் திரும்பி வருவார். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாது. சட்டைப் பொத்தான் போட நேரமாகும். முகத்தில் உணர்ச்சி மங்கிப்போவதை, அப்பா கோபமாக இருக்கிறார் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். நடுக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில், கை சும்மா மடியில் கிடக்கும்போது தொடங்கும். டம்ளரை எடுக்கப் போனால் குறையும். டம்ளரைப் பிடிக்கும்போதுதான் நடுங்குகிறது என்றால் பெரும்பாலும் அது வேறு வகை. சிலருக்கு நடுக்கமே வருவதில்லை. 1817இல் இந்த நோயை விவரித்து எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், தான் குறிப்பிட்ட ஆறு பேரில் சிலரைத் தெருவில் பார்த்தே அடையாளம் கண்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று நாம் விட்டுவிடுகிறோம். நடுமூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களில் ஏறக்குறையப் பாதி அழிந்த பிறகே கைநடுக்கம் தெரிகிறது.

நோயை நிறுத்தும் மருந்தே இல்லாதபோது முன்கூட்டி அறிந்து என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளுமுன் அறிவது பயன்தான். 1960களில் வந்த லெவோடோபா என்ற மருந்து நோயை நிறுத்தாவிட்டாலும், இன்றும் பலரை எழுந்து நடக்கவைக்கிறது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. தலைசுற்றலுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் சின்னரிசின், ஃப்ளூனரிசின்; வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைட்; வாயுத்தொல்லைக்கான மாத்திரைகள் சிலவற்றில் சேர்ந்திருக்கும் லெவோசல்பிரைடு. இவை டோபமினின் வேலையைத் தடுத்து, நடுக்குவாதம் போலவே விறைப்பையும் நடுக்கத்தையும் உண்டாக்கக்கூடியவை. முதியவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பழைய சீட்டை நீட்டினால் கடையில் கொடுத்துவிடுகிறார்கள். எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இப்படி வந்த நடுக்கம், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ குறைந்துவிடும். காரணம் மாத்திரை என்று தெரியாவிட்டால், அந்த நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை சேரும்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நடை மெதுவாகி, கை விறைத்தால், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள், கடையில் வாங்கியதையும் சேர்த்து. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.