உதைத்தும் உயிர் வராத புல்லட்!

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால், இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதல்ல. காலை ஒன்பது மணி. இஸ்திரி போட்ட சட்டையும் கையுமாக வீட்டுக்காரர் புறப்படுகிறார். கிக்கரை உதைக்கிறார். 'டொப்' என்று ஒரு சப்தம், அவ்வளவுதான். இருபதாவது உதைக்குள் சட்டை கசங்கி, முகமும் கசங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "கார்புரேட்டரைக் கழற்றுங்க" என்கிறார். எதிர் வீட்டுக்காரர், "பிளக் போயிருக்கும்" என்கிறார். வண்டியே இல்லாதவர்களுக்குத்தான் வண்டி வைத்தியம் அதிகம் தெரியும் போலிருக்கிறது!

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் என் சித்தி வீடு இருக்கிறது. போன தடவை அங்கே போனபோது, திண்ணை ஓரத்தில் சாக்குப் போர்த்தி நின்றது சித்தப்பாவின் புல்லட். 1984-ஆம் வருஷத்து வண்டி. அவர் காலமாகி எட்டு மாதம். அவர் போன பிறகு வண்டியும் வாய் திறக்கவில்லை. அச்சாபீசில் வேலை பார்க்கும் தம்பி மூன்று பேரிடம் காட்டிவிட்டான். ஒருவர் பிளக்கை மாற்றினார். ஒருவர் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். மூன்றாமவர், "இஞ்சினைப் பிரிச்சு போர் போடணும், பல ஆயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவ்வளவு பணத்துக்கு எங்கே போறது, அண்ணே? நாளைக்குப் பழைய இரும்புக்கார அண்ணாச்சி வர்றார். கொடுத்துரலாம்னு இருக்கேன்" என்றான் தம்பி.

சித்தி ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குள் போய்விட்டார். அதைப் பார்த்த பிறகு, நான் ஊருக்குக் கிளம்ப இருந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஐம்பது வருஷம் மாறாத இஞ்சின்

புல்லட் பிறந்தது இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில். நம் ராணுவம் எல்லைக் காவலுக்காக அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் அந்த ஆங்கிலக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. பிறகு சென்னைத் திருவொற்றியூரிலேயே வண்டி தயாராயிற்று. தாய் வீடான இங்கிலாந்தில் தொழிற்சாலைகள் மூடிய பிறகும் நம் ஊரில் உற்பத்தி நிற்கவில்லை. 70 மில்லிமீட்டர் அகல சிலிண்டர், அதில் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும் பிஸ்டன், ஆக 346 சி.சி. இந்தக் கணக்கு ஏறக்குறைய ஐம்பது வருஷம் மாறவில்லை.

இதில் நமக்கென்ன லாபம் என்கிறீர்களா? இருக்கிறது. இந்த வண்டிக்குள் கம்ப்யூட்டர் இல்லை. மறைந்திருக்கும் சூட்சுமமும் இல்லை. பொறுமையும் ஒரு ஸ்பானரும் இருந்தால், அதுவே தன் வியாதியைச் சொல்லிவிடும்.

தீக்குச்சி சொல்லும் பாடம்

சிவகாசிக்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்களே, அன்றிலிருந்து தீயோடு பழகுகிற ஊர் அது. தீக்குச்சி பற்றவில்லை என்றால் என்ன செய்வோம்? குச்சி நமத்திருக்கிறதா, பெட்டியின் பக்கத்து மருந்து தேய்ந்துவிட்டதா, காற்று அடிக்கிறதா என்று பார்ப்போம். எடுத்த எடுப்பில் அடுப்பை இடித்துக் கட்ட மாட்டோம் அல்லவா?

இஞ்சினும் ஓர் அடுப்புதான். அதற்கு வேண்டியவை மூன்று: பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை, அதை நெருக்குகிற அழுத்தம், சரியான நேரத்தில் விழும் ஒரு பொறி. மூன்றும் இருந்தால் வண்டி ஓடியே தீரவேண்டும். ஓடவில்லை என்றால் மூன்றில் ஒன்று இல்லை. எது இல்லை என்று தெரிவதற்கு முன்னால் எதையும் மாற்றாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், குணமானது எந்த மருந்தால் என்றே தெரியாமல் போய்விடும்.

முதலில் பெட்ரோல்

டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். இருட்டாக இருந்தால் டார்ச் அடியுங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற புத்திசாலித்தனம் வேண்டாம்! மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் வீரியம் இழந்திருக்கும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். ஆகவே பழையதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். பிறகு ரப்பர் குழாயைக் கழற்றி, டேப்பைத் திறந்து ஒரு பாட்டிலில் பிடியுங்கள். தாராளமாக விழவேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பில் உள்ள வலை அடைத்திருக்கலாம். அல்லது டேங்க் மூடியிலுள்ள சிறு காற்றுத் துளை தூசியால் மூடியிருக்கலாம். மூடியைத் திறந்ததும் வேகமாக விழுந்தால் குற்றவாளி அந்தத் துளைதான்.

அடுத்து பொறி

பிளக்கைக் கழற்றுங்கள். அது ஒரு கடிதம் மாதிரி, படிக்கத் தெரியவேண்டும். பலமுறை உதைத்தும் உலர்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே போகவில்லை. நனைந்திருந்தால், பெட்ரோல் போகிறது, பற்றவில்லை. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. காப்பிப் பொடி நிறம் என்றால் சௌக்கியம்.

வண்டியின் முகப்பில் ஆம்ப் மீட்டர் என்ற சின்ன முள் இருக்கிறதே, அதைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். பாயிண்ட் மூடும்போது முள் கழித்தல் பக்கம் சாயும். திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். சாயவே இல்லை என்றால் பாயிண்டில் அழுக்கு, அல்லது பியூஸ், பாட்டரி, ஒயரில் கோளாறு. திரும்பவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் உள்ளே ஒட்டிக்கொண்டது. பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை; பிளக் முனையில் சுமார் அரை மில்லிமீட்டர்.

பொறியைக் கண்ணால் பார்க்க, கழற்றிய பிளக்கை அதன் மூடியில் செருகி, இஞ்சினின் இரும்பில் ஒட்டவைத்துக் கிக்கரை அமுக்குவார்கள். நீலப் பொறி நல்லது. மங்கிய மஞ்சள் பொறி பலவீனம். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். அதற்கு முன் பெட்ரோல் டேப்பை மூடி, சிந்தியதைத் துடைத்து, வாடை அடங்கும்வரை காத்திருங்கள். பிளக் துளைக்கு அருகில் பொறியைக் கொண்டு போகாதீர்கள். உள்ளிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும். பட்டாசு ஆலைக்கு அருகில் இந்தச் சோதனையே கூடாது. ஆலையில் வேலை பார்த்த உடுப்போடும் கூடாது. துணியில் ஒட்டிய மருந்துத் தூளுக்கு ஒரு பொறி போதும். வண்டியைத் தூரமாகத் தள்ளிக்கொண்டு போவது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

சித்தி சொன்ன ஒரு வார்த்தை

எங்கள் வண்டியில் பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றினோம். நன்றாக விழுந்தது. முள் அழகாகச் சாய்ந்து திரும்பியது. பொறி நீலமாக விழுந்தது. எல்லாவற்றையும் மாட்டித் தம்பி உதைத்தான், உதைத்தான், உதைத்துக்கொண்டே இருந்தான். வண்டி அசையவில்லை. 'மூன்றாமவர் சொன்னதுதான் சரியோ?' என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது காப்பி கொண்டு வந்த சித்தி, வாசற்படியில் நின்றபடி சொன்னார்: "உங்க சித்தப்பா உதைக்கையில வண்டி அவரை மேலே தூக்கும். கையில அந்தச் சின்னப் பிடியை அமுக்கினாத்தான் கால் கீழே இறங்கும். இவன் உதைச்சா சும்மா வழுக்கிக்கிட்டுப் போகுதே?"

எனக்குச் சுருக்கென்றது. மூன்றாவது விஷயமான அழுத்தத்தை நாங்கள் பார்க்கவே இல்லை! நல்ல புல்லட்டில் கிக்கரின் மேல் ஏறி நின்றாலும் அது ஓர் இடத்தில் தாங்கி நிற்கும். அந்த அழுத்தத்தைத் தளர்த்தத்தான் கைப்பிடிக்கருகே டீகம்ப்ரஸர் என்ற சின்னப் பிடி இருக்கிறது. அதை இழுத்தால் சிலிண்டர் தலையில் ஒரு குட்டி வால்வு திறந்து காற்று வெளியேறும்.

குனிந்து பார்த்தேன். அதன் கேபிள் வீணைத் தந்தி மாதிரி விறைத்திருந்தது. யாரோ வேலை பார்த்தபோது இறுக்கிவிட்டிருக்கிறார்கள். பிடியை யாரும் தொடாமலே அந்த வால்வு எந்நேரமும் திறந்து கிடந்திருக்கிறது. காற்றெல்லாம் அந்த வழியாகப் போய்விட்டால் இஞ்சின் எப்படி மூச்சைப் பிடிக்கும்? கேபிளைக் கொஞ்சம் தளர்த்தினேன். தம்பி கிக்கரில் ஏறி நின்றான். கிக்கர் இறங்கவில்லை!

இதிலும் சரியாகாதவர்கள் மனம் தளர வேண்டாம். டாப்பெட் இடைவெளியை இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். இறுக்கமாக இருந்தாலும் வால்வு மூடாது. இவையெல்லாம் முடிந்த பிறகே பிஸ்டனைச் சந்தேகிக்க வேண்டும்.

பிறகு முறைப்படி செய்தோம். பெட்ரோல் டேப், சாவி. கால் கனத்து நிற்கும் இடம் வரை கிக்கரை அமுக்கி, டீகம்ப்ரஸரை இழுத்து, ஒரு பிடி மட்டும் தாண்டவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து முழு உதை. காலில் செருப்பல்ல, ஷூ. முழங்காலை விறைத்து வைக்கக் கூடாது, சில சமயம் வண்டி திருப்பி உதைக்கும். முதல் உதையில் இருமியது. இரண்டாவது உதையில், 'டுப்... டுப்... டுப்' என்று அந்தப் பழைய குரல் தெரு முழுதும் கேட்டது. சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் தராசோடு வந்த அண்ணாச்சிக்குக் காப்பி கிடைத்தது, இரும்பு கிடைக்கவில்லை.

உங்கள் வண்டியும் ஒரு நாள் மௌனம் சாதிக்கலாம். அப்போது ஸ்பானரை எடுப்பதற்கு முன், அந்த வண்டியோடு வருஷக்கணக்கில் வாழ்ந்தவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களுக்கு இஞ்சினின் பாகங்கள் தெரியாமலிருக்கலாம். நேற்றுவரை அது எப்படி இருந்தது என்பது அவர்களுக்குத்தானே தெரியும்!