தோற்ற விமானம்... ஜெயித்த இருக்கை!

போர் விமானம் நடுவானில் பழுதாகிவிட்டால் விமானி என்ன செய்வார் தெரியுமா? ஒரு கைப்பிடியை இழுப்பார். உடனே, அவர் உட்கார்ந்திருக்கும் இருக்கையே அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே பாயும். பிறகு பாராசூட் விரியும். இதற்கு 'எஜெக்‌ஷன் சீட்' என்று பெயர்.

ஆபத்து நேரத்தில் இப்படி முதன்முதலாக ஒருவரைக் காப்பாற்றியது எந்த விமானம்? யாருக்கும் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட ஒரு விமானம்தான்! அதன் கதையைக் கேளுங்கள்.

1939 ஆகஸ்ட் 27. ஜெர்மனியில், ஹைங்கெல் நிறுவனத்தின் 'ஹெச்.இ. 178' பறந்தது. உலகின் முதல் ஜெட் விமானம் அதுதான். அதன் இன்ஜினை உருவாக்கிய ஹான்ஸ் வான் ஓஹைனுக்கு அப்போது வயது 27!

ஊதிய பலூனைக் கட்டாமல் விட்டால் 'புஸ்'ஸென்று காற்றைப் பின்னால் தள்ளி முன்னால் ஓடுமல்லவா? ஜெட் இன்ஜினும் அப்படித்தான். காற்றை உள்ளே இழுத்து, அழுத்தி, எரிபொருளோடு எரித்து, சூடான வாயுவைப் பின்னால் பீய்ச்சும். விமானம் முன்னால் பாயும்.

அடுத்து, அதே நிறுவனம் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு ஜெட் இன்ஜின்கள் கொண்ட 'ஹெச்.இ. 280' என்ற போர் விமானத்தை உருவாக்கியது. உடல் தயார், இன்ஜின் தயாராகவில்லை! அதனால் 1940 செப்டம்பரில், இன்னொரு விமானம் அதை இழுத்துச் சென்று வானில் விட, இன்ஜின் இல்லாமலே மிதந்து இறங்கியது. 1941 மார்ச் 30-ல்தான் சொந்த இன்ஜினில் பறந்தது. அப்போதும் எரிபொருள் கசிந்ததால், தீப்பிடிக்காமல் இருக்க இன்ஜின் மூடிகளைக் கழற்றிவிட்டே பறந்தார்கள்!

அதுவரை, ஆபத்து வந்தால் விமானி தானாகவே ஏறிக் குதிக்க வேண்டும். ஜெட் வேகத்தில் அப்படிக் குதித்தால், எதிர்க்காற்று அவரைப் பின்னால் வீசி, விமானத்தின் வால் பகுதியில் மோத வைத்துவிடும். எனவே, அழுத்தப்பட்ட காற்றின் பலத்தால் மேலே பாயும் இருக்கையை இந்த விமானத்தில் பொருத்தினார்கள்.

1942 ஜனவரி 13. வேறு வகை இன்ஜினைச் சோதிப்பதற்காக, ஒரு 'ஹெச்.இ. 280' கயிறு கட்டி வானில் இழுத்துச் செல்லப்பட்டது. உள்ளே விமானி ஹெல்முட் ஷெங்க். கடும் பனி! உறைபனியால் விமானம் ஆபத்தில் சிக்கியது. தரையிறங்கவும் வழியில்லை. ஷெங்க் தலைக்கு மேலிருந்த மூடியைக் கழற்றிவிட்டு, இருக்கையை இயக்கினார். சர்ரென்று வெளியே வந்தார். பாராசூட் விரிந்தது. உயிர் பிழைத்தார்!

ஆனால், விமானம்? அதன் இன்ஜின்கள் எதிர்பார்த்த பலத்தைத் தரவில்லை. போட்டியாக வந்த 'மெஸ்ஸர்ஷ்மிட் 262' அதிக தூரம் பறந்தது. 1943 மார்ச்சில் 'ஹெச்.இ. 280' திட்டம் கைவிடப்பட்டது. செய்தவை 9 மட்டுமே. ஹிட்லரின் படைக்காக உருவான அந்த விமானம் போருக்குப் போகவே இல்லை.

எஜெக்‌ஷன் சீட் மட்டும் நிற்கவில்லை. பல நாடுகள் அதை மேம்படுத்தின. இன்றைய இருக்கைகளில் ராக்கெட்டே இருக்கிறது. தரையில் நிற்கும் விமானத்திலிருந்துகூட விமானியைக் காப்பாற்றிவிடும். இதனால் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர்!

இனி போர் விமானப் படத்தைப் பார்த்தால், விமானி அறைக்குக் கீழே சிவப்பு முக்கோணம் இருக்கிறதா என்று தேடுங்கள். 'உள்ளே எஜெக்‌ஷன் சீட் இருக்கிறது, கவனம்!' என்பதற்கான அடையாளம் அது.