வலிப்பு நின்ற பிறகு மூளையில் நடப்பது என்ன?

வலிப்பு வந்து நின்ற பிறகு சிலருக்கு ஒரு கையைத் தூக்க முடியாது. பேச்சு குழறும். சொந்தப் பிள்ளையைக் கூட அடையாளம் தெரியாமல் பார்ப்பார்கள். பக்கவாதம் வந்துவிட்டதோ என்று குடும்பமே பதறிப் போகும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ இது தானாகச் சரியாகிவிடும். லண்டன் மருத்துவர் ராபர்ட் பென்ட்லி டாட் 1849-லேயே இதை விவரித்தார். ஆனால் இது ஏன் ஏற்படுகிறது என்பது வெகு காலம் தெளிவாகவில்லை. மூளையின் இரத்த ஓட்டத்தை ஆராய்பவர்கள் இப்போது அதற்கு விடை தேடி வருகிறார்கள்.

நம் உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே செலவழிக்கிறது. அதற்குச் சேமிப்பு மிகக் குறைவு. ஆகவே எந்தப் பகுதி அதிகம் உழைக்கிறதோ, அந்தப் பகுதியின் இரத்தக் குழாய்கள் விரிந்து கூடுதல் இரத்தம் கொடுக்கின்றன. வலிப்பின்போது பல நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றி மின்துடிப்பை வெளியிடுவதால், அங்கே இரத்த ஓட்டமும் சட்டென்று உயர்கிறது.

மின்துடிப்பை இ.இ.ஜி. பதிவு செய்யும். இரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை எம்.ஆர்.ஐ. காட்டும். ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்து, வலிப்பு கிளம்பும் இடத்தைத் தேடுகிறார்கள். வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருந்தால் முழுக் கட்டுப்பாடு கிடைப்பதில்லை. அவர்களில் தகுந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்ய, அந்த இடம் துல்லியமாகத் தெரிய வேண்டும்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு முக்கிய உண்மையை வெளியிட்டார்கள். எலிகளுக்கு வலிப்பு நின்ற பின், அந்தப் பகுதியின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆக்சிஜன் கடுமையாகக் குறைந்தது. நோயாளிகளிடமும் வலிப்புக்குப் பின் இரத்த ஓட்டம் குறைவது தெரிந்தது. வலிப்புக்குப் பிந்தைய தளர்ச்சிக்கு இது காரணமாக இருக்கலாம். சில மருந்துகளை முன்கூட்டியே கொடுத்தபோது எலிகளில் இது தடுக்கப்பட்டது. ஆனால் மனிதருக்கு இது இன்னும் சிகிச்சையாகவில்லை. வீட்டில் யாரும் தாமாக எந்த மாத்திரையும் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

இத்தகைய வேலையில் பெரும் பங்கை முனைவர் பட்ட மாணவர்களே செய்கிறார்கள். ஒரு கேள்விக்கு விடை காண மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். பிரிட்டன் போன்ற நாடுகளில் பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டே அறக்கட்டளைகள் அவர்களுக்கு உதவித்தொகை தருகின்றன. கல்விக்குக் கொடுக்கும் உதவி ஒரு பிள்ளையோடு நிற்பதில்லை என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியவை:

• வலிப்பு தொடங்கிய நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

• கையில் சாவியோ இரும்போ திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

• நின்றவுடன் எழுப்பி நடக்க வைக்காதீர்கள். தெளிவு வரும் வரை ஒருவர் கூடவே இருங்கள்.

• கை கால் தளர்ச்சி முதல் முறையாக வந்தால், பக்கவாதம் இல்லை என்று உறுதியாகும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

• மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரமலான் நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கேட்டு, மாத்திரை நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்.