பிறந்த ஆண்டைக் கேளுங்கள்

திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ இன்று எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொள்ளும் 14 வயதுச் சிறுமியிடம் அதன் முழுப்பலன் தெரிய இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். அது தடுக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய் அவ்வளவு மெதுவாக வளர்வது. அதுவரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் இடம்பெற்ற, 2009-இல் தொடங்கிய இந்திய ஆய்வு, அந்நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் தொற்று நீடிக்கிறதா என்பதை அளந்தே ஒரு தவணையும் காக்கிறது என்று காட்டியது. (2010-இல் அரசு ஆய்வில் ஊசி போடுவதை நிறுத்தியதால் பலருக்கு ஒரு தவணையோடு நின்றது, தடங்கலே பாடமாயிற்று.) ‘சென்னையில் தடுப்பூசி வருவதற்கு முன்பே இப்புற்றுநோய் குறைந்ததே’ என்பார்கள். உண்மைதான், 1980-களிலிருந்து நடக்கும் புற்றுநோய்ப் பதிவேடே சாட்சி. அதனால்தான் மொத்தக் கணக்கு ஏமாற்றும், பிறந்த ஆண்டுவாரியாக ஒப்பிட வேண்டும். இங்கிலாந்தில் 12-13 வயதில் ஊசி பெற்ற தலைமுறையில் நோய் 87 சதவீதம் குறைந்ததை அப்படித்தான் கண்டார்கள். நாளை இங்கும் அப்படி ஒப்பிட, யார் ஊசி பெற்றார் என்பது தெரிய வேண்டும்; பெற்றோரே, தடுப்பூசிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.