சொத்தை வாங்கினால் பழைய பாக்கியும் வருமா?

நொடித்துப்போன ஆலையொன்றின் நிலம், கட்டடம், இயந்திரங்களை விலைபேசிவிட்டுக் கடன் கேட்டு வருவோர் பெரும்பாலும் ஒரே நம்பிக்கையோடு வருகின்றனர்: கம்பெனியை வாங்கவில்லை, சொத்துகளை மட்டுமே வாங்குகிறோம், பழைய பாக்கிகள் எங்களைச் சேரா. பொது விதியும் அதுவே. பங்குகளை வாங்கினால் நிறுவனம் தன் கடன்களோடு கைமாறுகிறது. சொத்துகளை மட்டும் வாங்குபவரை, அவர் ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்ட பொறுப்புகளே கட்டுப்படுத்தும். ஆயினும் சில சட்டங்கள் இவ்விதிக்கு விலக்காக நிற்கின்றன.

அவற்றுள் முதன்மையானது சரக்கு மற்றும் சேவை வரி. மத்தியச் சட்டத்தின் (2017) 85ஆம் பிரிவின்படி, ஒரு தொழிலை முழுமையாகவோ பகுதியாகவோ பெறுபவர், மாற்றம் நிகழ்ந்த காலம்வரை விற்றவர் செலுத்தவேண்டிய வரி, வட்டி, அபராதம் ஆகியவற்றுக்கு, முழுமையாகவோ மாற்றத்தின் அளவுக்கோ, அவரோடு கூட்டாகவும் தனித்தும் பொறுப்பாவார். அத்தொகை பின்னாளில் தீர்மானிக்கப்பட்டாலும் பொறுப்பு நீங்காது. இடர் இங்குதான் உள்ளது. வாங்கும் நாளில் நிலுவையே இல்லையெனக் கணக்குக் காட்டியிருப்பினும், பிற்காலத் தணிக்கையில் எழும் கோரிக்கை வாங்கியவரைத் தேடி வரக்கூடும்.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிப் பாக்கிக்கும் இத்தகைய கூட்டுப் பொறுப்பு உண்டு. ஆனால் பெற்ற சொத்துகளின் மதிப்பே அதற்கு எல்லை.

மின்கட்டணம் சற்று வேறானது. 2023 மே மாதம் கே.சி. நினான் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, விதிமுறைகள் இடமளித்தால், முந்தைய உரிமையாளரின் பாக்கியைச் செலுத்துவதை மின் இணைப்புக்கு நிபந்தனையாக்கலாம். மின்சாரமில்லாத ஆலையை வைத்துக்கொண்டு என்செய்வது? வங்கி ஏலத்தில் 'உள்ளது உள்ளபடி' என்று எடுத்தவருக்கும் இது பொருந்தும். ஏல அறிவிப்பின் அந்தச் சொற்றொடரைப் பலர் வாசித்துக் கடந்துவிடுகின்றனர்.

திவால் சட்டத்தின்கீழ் ஒப்புதல் பெற்ற தீர்வுத் திட்டத்தின்வழி நிறுவனத்தை வாங்குபவர் நிலை மேலானது. திட்டத்தில் இடம்பெறாத பழைய கோரிக்கைகள், அரசுக்குரியவை உட்பட, அற்றுப்போகும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சாதாரண விற்பனைக்கு இப்பாதுகாப்பு இல்லை.

பழைய பாக்கி வந்தால் தாமே ஈடுசெய்வதாக விற்பவர் எழுதிக் கொடுப்பது வழக்கம். ஆனால் நொடித்தவர் தரும் உறுதிமொழிக்கு அவருடைய கையிருப்பளவே மதிப்பு. எனவே, விலையில் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட காலம்வரை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். வரி, வைப்பு நிதி, மின்வாரிய நிலுவை விவரங்களையும், நிறுவனப் பதிவாளரிடமுள்ள அடமானப் பதிவுகளையும் முன்பணம் கொடுக்கும் முன்னரே பெற்று, கடன் விண்ணப்பத்துடன் இணைத்துத் தாருங்கள்.